மனிதரை அளந்த மேதை அடோல்ப் கெற்றலே

வைத்தியரை நாடிச் செல்பவர் எவராயினும், நோயைப்பற்றி வாய்திறக்குமுன்னரே நிறுக்கும் கருவியின்மேல் ஏறி நிற்கவேண்டியிருக்கிறது. அடுத்து உயரம் அளக்கப்படுகிறது. நிறையைக் கிலோகிராமிலும் உயரத்தை மீற்றரிலும் எடுத்து, உயரத்தை உயரத்தாலேயே பெருக்கி, வந்த தொகையால் நிறையைப் பிரித்தால் ஓர் எண் கிடைக்கும். இதனையே உடற்றிணிவுச் சுட்டி என்கின்றனர். 18.5க்குக் கீழே நின்றால் மெலிவு. 25ஐ எட்டினால் மிகைநிறை. 30ஐ எட்டினால் உடற்பருமன் நோய். இவ்வெல்லைகள் உலகெங்கும் ஒப்புக்கொள்ளப்பட்டவை. வைத்தியர் தாளிற் குறிக்கும் இச்சிறிய எண்ணைக் கண்டு மனம் தளர்ந்தோரும் உளர். மகிழ்ந்து வீடு சென்று மூன்று தட்டுச் சோறு உண்டோரும் உளர்.

இவ்வெண்ணை வகுத்தவர் ஒரு வைத்தியர் என்றே நம்மிற் பலர் எண்ணியிருப்போம். அவர் வைத்தியரல்லர். நோயாளி ஒருவரையேனும் அவர் பரிசோதித்ததில்லை. கணிதத்தைக் கற்று, கவிதை எழுதி, விண்மீன்களை நோக்கி, ஈற்றில் மனிதரை எண்ணவும் அளக்கவும் முற்பட்ட ஒருவர் அவர். இன்றைக்கு இருநூறு ஆண்டுகளுக்குச் சற்று முற்பட்ட காலத்திலே பெல்ஜிய மண்ணிலே தோன்றிய அடோல்ப் கெற்றலே என்பவரின் வரலாற்றையே இங்கே கூறப் புகுகின்றோம். அவர் எண்ணிய எண் வேறு, நாம் இன்று அதனைப் பயன்படுத்தும் முறை வேறு. அந்த வேறுபாட்டை அறியாதிருப்பது, சிறப்பாக நம்மைப்போன்ற தென்னாசிய மக்களுக்கு, உயிருக்கே ஊறு விளைக்கக்கூடும் என்பதனாலேயே இவ்வரலாறு எழுதத் தகுந்ததாகின்றது.

கெற்றலே 1796ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 22ஆம் நாள் கென்ற் என்னும் நகரிலே பிறந்தார். பெல்ஜியம் என்ற பெயரில் ஓர் அரசு அக்காலத்தில் இருந்ததில்லை. கென்ற் நகர் அப்பொழுது பிரெஞ்சுக் குடியரசின் ஆட்சிக்குட்பட்டிருந்தது. 1815இல் நெப்போலியன் வீழ்ந்தபின் ஒல்லாந்து மன்னரின் கீழ் வந்தது. 1830இல் புரட்சி மூண்டு பெல்ஜியம் தனி நாடாயிற்று. ஆகவே, பிறந்த ஊரைவிட்டு அதிக தூரம் செல்லாமலே மூன்று கொடிகளின் கீழ் வாழும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. அரசுகள் மாறினும் எண்கள் மாறுவதில்லை என்ற உறுதி அவருடைய உள்ளத்திலே வேரூன்றுவதற்கு இதுவும் ஒரு காரணமாயிருத்தல் கூடும் என்பது எமது எண்ணம்.

தந்தையாரை ஏழு வயதிலேயே இழந்தார். வறுமை வந்து வாயிலில் நின்றது. பள்ளிப் படிப்பை முடித்தவுடனேயே உழைக்கவேண்டிய நிலை. பத்தொன்பதாம் வயதிலே கென்ற் நகர்க் கல்லூரியொன்றிற் கணித ஆசிரியரானார். ஆயினும் அவருடைய நெஞ்சம் கணிதத்தில் மாத்திரம் ஒன்றவில்லை. ஓவியம் பயின்றார், செய்யுள் இயற்றினார், தந்தெலின் என்னும் நண்பரோடு சேர்ந்து ஓர் இசை நாடகத்தையும் எழுதினார். அது 1816இல் கென்ற் நகர் மேடையிலே நடிக்கப்பட்டது. அந்த நண்பர் தந்தெலினும் பின்னர் கேத்திரகணிதத்திலே பெயர் பெற்றார். கூம்பு வெட்டுக்களைக் கற்கும் மாணவர் அவர் பெயரை இன்றும் அறிவர். நாடகம் எழுதிய இருவர் கணித உலகிலே நிலைபெற்றமை ஒரு வியப்பே.

1817இல் ஒல்லாந்து மன்னர் கென்ற் நகரிலே ஒரு பல்கலைக்கழகத்தைத் தாபித்தார். அங்கே 1819இல் கூம்பு வெட்டுக்களைப்பற்றிய ஆராய்ச்சிக்காகக் கெற்றலே கலாநிதிப் பட்டம் பெற்றார். அப்பல்கலைக்கழகம் வழங்கிய முதலாவது விஞ்ஞானக் கலாநிதிப் பட்டம் அதுவே. அவ்வாண்டிலேயே பிரசல்ஸ் நகருக்குக் கணித ஆசிரியராக அழைக்கப்பட்டார். அடுத்த ஆண்டில் அந்நகரின் கல்விக்கழகம் அவரைத் தன் அங்கத்தவராக ஏற்றுக்கொண்டது. வயது இருபத்து நான்கு!

பிரசல்ஸ் வந்த கெற்றலேயை ஓர் ஆசை பற்றிக்கொண்டது. அந்நகரிலே விண்மீன்களை நோக்குவதற்கு ஓர் அவதான நிலையம் அமைத்தல் வேண்டும் என்பதே அது. வானவியலில் அவருக்கு அனுபவம் கிடையாது. ஆயினும் அரசாங்கத்தை வற்புறுத்தி இணங்கச் செய்தார். அந்நிலையங்கள் எவ்வாறு இயங்குகின்றன என்பதைக் கற்றுவர 1823இன் இறுதியிலே பரிசு நகருக்கு அனுப்பப்பட்டார். அங்கே தங்கிய சில மாதங்களே அவருடைய வாழ்வின் திருப்புமுனையாயின. அரகோ, லாப்பிளாசு, பூரியே முதலிய பேரறிஞர் அப்பொழுது அந்நகரிலே இருந்தனர். தொலைநோக்கியைப்பற்றிக் கற்கச் சென்றவர், நிகழ்தகவு என்னும் கணிதப் பிரிவையும் கற்றுக்கொண்டு திரும்பினார்.

விண்மீனுக்கும் மனிதனின் நிறைக்கும் என்ன தொடர்பு என்று வாசகர் வினவலாம். அதனைச் சற்று விளக்குதல் வேண்டும். ஒரு விண்மீனின் இடத்தை ஒருவர் பத்து இரவுகள் அளந்தால் பத்து வெவ்வேறு விடைகள் கிடைக்கும். கை நடுங்கியிருக்கலாம், காற்று அசைந்திருக்கலாம், கருவி வெப்பத்தால் விரிந்திருக்கலாம். ஆனால், அந்த விடைகள் தாறுமாறாகச் சிதறிக் கிடப்பதில்லை. உண்மையான இடத்தைச் சுற்றி நெருக்கமாகவும், விலகிச் செல்லச் செல்ல ஐதாகவும் அவை அமைகின்றன. படமாக வரைந்தால் கோயில் மணியைக் கவிழ்த்து வைத்தாற்போன்ற வடிவம் தோன்றும். எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி கண்டால் உண்மைக்கு மிக அண்மையிலே சென்றுவிடலாம். வானவியலார் இதனை நன்கு அறிந்திருந்தனர். கெற்றலே செய்த புதுமை, விண்ணுக்குரிய இந்த விதியை மண்ணிலே நடமாடும் மனிதருக்கும் பொருத்திப் பார்த்தமையே.

அவதான நிலையத்தின் கட்டட வேலை 1827இலே தொடங்கியது. மறு ஆண்டிலே கெற்றலே அதன் பணிப்பாளராக நியமனம் பெற்றார். சுவர்கள் எழும்புவதற்கு எடுத்த காலத்தை அவர் வீணாக்கவில்லை. 1829இல் ஜெர்மனி சென்று வைமார் நகரிலே கவிஞர் கேதேயைக் கண்டார். கேதேக்கு அப்பொழுது எண்பது வயது நிறையும் வேளை. 1830இல் இத்தாலி நாட்டிலே சுற்றிக்கொண்டிருந்தபோது, பிரசல்ஸ் வீதிகளிலே புரட்சி வெடித்தது. அரைகுறையாய் நின்ற அவதான நிலையம் போராட்டக்காரரின் அரணாகியது. விண்மீன் பார்க்கக் கட்டிய கட்டடத்தின்மேல் துப்பாக்கிக் குண்டுகள் பாய்ந்தன. அதன்பின்னரே அது முற்றுப்பெற்று அவர் குடிபுகும் நிலைக்கு வந்தது.

கருவிகள் வந்து சேராத அந்த ஆண்டுகளிலேதான் அவர் மனிதரின்பால் முழுமனத்துடன் திரும்பினார். பிறப்பு, இறப்பு, திருமணம், குற்றம், தற்கொலை ஆகியவற்றின் கணக்குகளைத் திரட்டினார். பிரான்சு தேசத்து நீதிமன்றங்களின் ஆண்டறிக்கைகளைப் படித்தபோது அவர் திகைத்துப்போனார். கொலை செய்வோன் தன் கோபத்தாலே செய்கிறான். களவு செய்வோன் தன் பேராசையாலே செய்கிறான். ஒவ்வொருவனும் தன் மனம்போனபடி நடக்கிறான் என்றே நாம் கருதுகின்றோம். ஆனால், ஆண்டுதோறும் குற்றங்களின் தொகையோ ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. கொலைக்குக் கையாண்ட ஆயுதங்களின் விகிதமுங்கூடப் பெரிதும் மாறவில்லை. சமுதாயமே குற்றத்திற்கு நிலத்தைப் பண்படுத்துகிறது, குற்றவாளி அதனை நிறைவேற்றும் கருவியே என்ற முடிவுக்கு அவர் வந்தார். மனிதனின் சுயாதீனத்தை மறுக்கிறார் என்று பலர் அவர்மீது சீறினர். நிலைமைகளைத் திருத்தினால் குற்றமும் குறையும் என்பதே தமது கருத்து என அவர் பதிலிறுத்தார்.

இங்கே ஒரு செய்தியைக் கூறாமல் விடுதல் முறையன்று. நாட்டின் குடித்தொகையை அறிய எல்லோரையும் எண்ணத் தேவையில்லை, சில இடங்களிலே பிறப்பு விகிதத்தை நுணுகிக் கண்டால் போதும், மிகுதியைக் கணக்கிட்டுவிடலாம் என்று கெற்றலே முதலில் எண்ணியிருந்தார். லாப்பிளாசு கையாண்ட வழி அது. கேவர்பேர்க் என்னும் பிரபு ஒருவர் அதனை எதிர்த்தார். மலைநாட்டான் வேறு, கடற்கரையான் வேறு, பட்டினத்தான் வேறு. சிலரைக்கொண்டு பலரை அளக்க முடியாது என்பது அவருடைய வாதம். கெற்றலே அதனை ஏற்றுக்கொண்டு, ஒருவரையும் விடாது எண்ணும் முறைக்கு மாறினார். 1846இலே பெல்ஜியத்திலே நடைபெற்ற குடிசன மதிப்பு அவருடைய மேற்பார்வையில் அமைந்து, ஏனைய நாடுகளுக்கு முன்மாதிரியாய் விளங்கிற்று. கேவர்பேர்க் பிரபுவின் அந்தச் சொல்லை வாசகர் நினைவிலே வைத்துக்கொள்வாராக. கட்டுரையின் இறுதியிலே அது நமக்கு வேண்டியிருக்கும்.

1835இல் கெற்றலேயின் புகழ்பெற்ற நூல் பரிசு நகரிலே வெளிவந்தது. மனிதனையும் அவனுடைய ஆற்றல்களின் வளர்ச்சியையும் பற்றிய அந்நூலுக்குச் சமுதாய பௌதிகம் என்ற ஒரு துணைப்பெயரையும் இட்டிருந்தார். அதிலேதான் சராசரி மனிதன் என்னும் கற்பனை மனிதன் விரிவாக விளக்கப்படுகிறான். அதிலேதான் நம்முடைய நிறைக்கும் உயரத்துக்குமான விதியும் இடம்பெறுகிறது.

அந்த விதியைக் காண அவர் பட்ட பாடு சிறிதன்று. பிரசல்ஸ் நகரிலே பிறந்த குழந்தைகளையும், பள்ளிச் சிறுவரையும், வளர்ந்தோரையும், முதியோரையும் நிறுத்தார், அளந்தார். உடையோடு நிறுத்தால் பிழை நேருமே என்று உடைகளின் நிறையையும் தனியே கணித்தார். ஆண்களின் உடை மொத்த நிறையிலே பதினெட்டில் ஒரு பங்கு என்றும், பெண்களின் உடை இருபத்து நான்கில் ஒரு பங்கு என்றும் அவர் கண்டார். குளிர்நாட்டு ஆடவரின் கம்பளிச் சட்டைகள் எவ்வளவு பாரமானவை என்பதை இதனாலே ஊகிக்கலாம். நம் நாட்டிலே வேட்டியோடு நிறுப்பவருக்கு இந்தக் கவலை இல்லை.

விதியின் உட்பொருள் இதுதான். ஒரு பொருள் எல்லாப் பக்கமும் ஒரே அளவாக வளருமாயின், உயரம் இரண்டு மடங்காகும்போது நிறை எட்டு மடங்காதல் வேண்டும். கணிதத்தில் இதனைக் கன விதி என்பர். மனிதனும் அவ்வாறு வளர்கின்றானா? 50 சென்ரிமீற்றர் நீளமும் 3 கிலோ நிறையுமுள்ள ஒரு சிசுவை எடுத்துக்கொள்வோம். அது 150 சென்ரிமீற்றராக வளரும்போது உயரம் மூன்று மடங்கு. கன விதிப்படி நிறை இருபத்தேழு மடங்காகி 81 கிலோவாக வேண்டும். அப்படி நடப்பதில்லை என்பதை எந்தத் தாயும் அறிவாள். முதலாண்டு தவிர்ந்த ஏனைய காலங்களிலே மனிதன் பக்கவாட்டிலே வளர்வதிலும் பார்க்க நெடுக்கவே அதிகம் வளர்கின்றான் என்று கெற்றலே கண்டார். வளரும் காலம் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் நிறையின் வர்க்கம் உயரத்தின் ஐந்தாம் அடுக்குக்கு ஏற்ப மாறுகிறது என்று அவர் கூறினார். அந்தக் கணக்கை நம்முடைய சிசுவுக்குப் பொருத்தினால் ஏறக்குறைய 47 கிலோ வருகின்றது. நாள்தோறும் நம் கண்ணிற் படும் பிள்ளைகளின் நிறைக்கு இது எவ்வளவு அண்மையாயிருக்கிறது!

வளர்ச்சி முடிந்த ஆட்களை ஒருவரோடொருவர் ஒப்பிட்டபோது விதி இன்னும் எளிதாயிற்று. நெட்டையர்க்கும் குட்டையர்க்கும் இடையிலே நிறையானது உயரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வேறுபடுகிறது. 150 சென்ரிமீற்றர் உயரமுள்ளவர் 50 கிலோவாயின், 180 சென்ரிமீற்றர் உயரமுள்ளவர் கன விதிப்படி 86 கிலோவாதல் வேண்டும். வர்க்க விதிப்படி 72 கிலோ. பிந்தியதே உண்மையோடு பொருந்தியது. நிறையை உயரத்தின் வர்க்கத்தாலே பிரித்தால் நெட்டையர், குட்டையர் என்ற வேறுபாடு பெரும்பாலும் மறைந்துபோகும். அவர் கண்டது இவ்வளவே. கொழுப்பைப்பற்றி அவர் பேசவில்லை. நோயைப்பற்றிப் பேசவில்லை. இந்த எண்ணுக்கு மேலே நின்றால் ஆபத்து என்று எங்கும் கோடு கீறவில்லை. ஒரு மக்கட் கூட்டத்தின் உருவம் எவ்வாறு அமைந்துள்ளது என்று அறிவதே அவருக்கு வேண்டியிருந்தது.

மனிதரை அளக்கும் வேலை அவரைச் சில விநோதமான இடங்களுக்கும் இட்டுச் சென்றது. ஸ்கொட்லாந்துப் போர்வீரர் 5,738 பேரின் மார்புச் சுற்றளவுகள் ஒரு வைத்தியச் சஞ்சிகையிலே வெளிவந்திருந்தன. அவற்றை அடுக்கிப் பார்த்தபோது விண்மீன் அளவைகளிற் கண்ட அதே மணி வடிவம் தோன்றிற்று. நடுவிலே சுமார் 40 அங்குலம். பின்னர் பிரான்சு தேசத்துப் படைக்கு அழைக்கப்பட்ட இளைஞரின் உயரங்களை எடுத்தார். அங்கே மணி வடிவம் ஓரிடத்திலே குலைந்திருந்தது. படையிற் சேர்வதற்கு வேண்டிய ஆகக் குறைந்த உயரத்துக்குச் சற்றுக் கீழே இருக்கவேண்டியதிலும் அதிகமானோர் இருந்தனர்; சற்று மேலே இருக்கவேண்டியதிலும் குறைந்தோர் இருந்தனர். ஏறக்குறைய இரண்டாயிரம் இளைஞர் எப்படியோ தம்மைக் குட்டையராகக் காட்டிப் போருக்குத் தப்பியிருந்தனர்! ஒருவர் முகத்தையும் காணாமல், ஒருவர் பெயரையும் கேளாமல், அறையிலிருந்தே அந்தக் கள்ளத்தைக் கெற்றலே கண்டுபிடித்துவிட்டார்.

அவருடைய சராசரி மனிதனைப்பற்றி நாம் இங்கே சற்று நிதானித்து நோக்கவேண்டும். விண்மீனுக்கு ஓரிடமே உண்டு, பத்து அளவைகளும் பிழையானவை, சராசரியே உண்மை. இதனையே மனிதருக்கும் அவர் விரித்துரைத்தார். இயற்கை ஓர் உருவத்தையே குறிவைத்து எய்கிறது, நாமெல்லாம் சிறிதோ பெரிதோ குறி தவறிய அம்புகள் என்ற கருத்து அவருடைய எழுத்துக்களிலே ஓடுகின்றது. சராசரி மனிதனே அழகுக்கும் நலத்துக்கும் உறைவிடம் என்றும் அவர் எண்ணினார். எமக்கு இது உடன்பாடன்று. விண்மீன் ஒன்று, மனிதரோ பலர். ஆறடி உயரமுள்ளவன் ஐந்தரை அடி மனிதனின் பிழையான பிரதி அல்லன். இந்தச் சறுக்கல் பின்னர் தீய விளைவுகளையும் தந்தது. இங்கிலாந்திலே பிரான்சிஸ் கால்ற்றன் என்பவர் கெற்றலேயின் மணி வடிவத்தை எடுத்துக்கொண்டு மனிதரை மேலோர், கீழோர் என்று தரம்பிரிக்கத் தலைப்பட்டார். 1883இல் இன மேம்பாட்டியல் என்று அவர் பெயரிட்ட கொள்கையின் பெயரால் அடுத்த நூற்றாண்டிலே நடந்த கொடுமைகளை உலகம் அறியும். கெற்றலே அவற்றைக் கனவிலும் கருதியவரல்லர். ஆயினும் விதையின் ஒரு பகுதி அவருடைய வயலிலிருந்தே சென்றது என்பதை மறைத்தல் ஆகாது.

அவருடைய பொதுப்பணிகளைச் சுருக்கமாகவே கூறிச் செல்வோம். 1833இல் கேம்பிரிட்ஜ் நகரிலே கூடிய பிரித்தானிய விஞ்ஞானிகளின் சங்கத்துக்குச் சென்றார். புள்ளிவிபரத்துக்கு அங்கே பிரிவு ஒன்றும் இல்லை. மல்தஸ், பாபேஜ் முதலியோர் அவரைச் சூழ ஓர் அறையிலே கூடினர். அதன் பயனாக ஒரு பிரிவும், அடுத்த ஆண்டிலே இலண்டன் புள்ளிவிபரச் சங்கமும் பிறந்தன. 1834இல் பிரசல்ஸ் கல்விக்கழகத்தின் நிரந்தரச் செயலாளரானார். 1836இல் சாக்ஸ்-கோபேர்க் இளவரசர் இருவருக்குக் கணிதம் கற்பித்தார். அவர்களுள் ஒருவரான அல்பேட் பின்னர் விக்ரோறியா மகாராணியின் கணவரானார். அவ்வாண்டிலேயே ஆகஸ்ட் மாதந்தோறும் எரிமீன்கள் மிகுந்து பொழிவதை அவர் எடுத்துக்காட்டினார். அவதான நிலையத்துத் தோட்டத்திலே லைலாக் செடி பூக்கும் நாளைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை. கடைசி உறைபனிக்குப் பின் ஒவ்வொரு நாளின் வெப்பநிலையையும் வர்க்கித்துக் கூட்டிக்கொண்டு வந்தால், ஒரு குறித்த தொகையை எட்டும்போது செடி பூக்கிறது என்று கணித்தார். மனிதனிலும் வர்க்கம், பூவிலும் வர்க்கம்!

1853இல் உலகின் முதலாவது சர்வதேசப் புள்ளிவிபர மகாநாடு அவருடைய முயற்சியாலே பிரசல்ஸ் நகரிற் கூடிற்று. ஒரு நாட்டார் ஒரு நோயை ஒரு பெயராலும், மற்றொரு நாட்டார் வேறொரு பெயராலும் பதிந்தால் எதனை எதனோடு ஒப்பிடுவது? ஆகவே, இறப்பின் காரணங்களுக்குப் பொதுவான பெயர்ப்பட்டியல் ஒன்றை ஆக்கும் பொறுப்பு அங்கே இரு அறிஞரிடம் ஒப்படைக்கப்பட்டது. இன்று உலக சுகாதார தாபனம் வெளியிடும் நோய்ப் பகுப்புப் பட்டியலின் மூதாதை அதுவே. நமது இலங்கையிலே பத்தாண்டுக்கொருமுறை நடைபெறும் குடிசன மதிப்பு 1871இலே தொடங்கியபோது கெற்றலே உயிரோடிருந்தார்.

1855இல் அவரை வாதநோய் தாக்கிற்று. உயிர் பிழைத்தார், ஆனால் நினைவாற்றல் பெரிதும் குன்றிவிட்டது. எண்களையே நம்பி வாழ்ந்த ஒருவருக்கு இதிலும் கொடிய தண்டனை வேறில்லை. எனினும் அவர் ஓய்ந்திருக்கவில்லை. மகன் ஏர்னெஸ்ற் அவதான நிலையத்தின் வேலைகளிலே தோள்கொடுத்தார். 1860இல் இலண்டன் மாநகரிலே கூடிய புள்ளிவிபர மகாநாட்டை அல்பேட் இளவரசரே ஆரம்பித்துவைத்து, தம் ஆசானை நன்றியோடு நினைவுகூர்ந்தார். புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையாருக்கும் கெற்றலேயின்மீது பெருமதிப்பு. போர்க்களத்து வைத்தியசாலைகளிலே வீரர் காயத்தாலன்றி அழுக்காலும் தொற்றாலுமே பெரும்பாலும் மடிந்தனர் என்பதைக் கணக்குகளாலே நிலைநாட்டிய அப்பெருமாட்டி, கெற்றலேயின் நூலைப் பக்கந்தோறும் குறிப்புக்களெழுதிப் படித்தவர். ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்திலே இக்கல்விக்கு ஓர் இருக்கை ஏற்படுத்தவும் அவர் முயன்றார், அது கைகூடவில்லை. 1871இல் கெற்றலே மனித உடலளவைகளைப்பற்றிய தம் பெருநூலை வெளியிட்டார். மறு ஆண்டிலே, எழுபத்தாறு வயதிலே, ருசியாவின் சென் பீற்றர்ஸ்பேர்க் நகரிலே நடந்த மகாநாட்டுக்கும் சென்றார். 1874ஆம் ஆண்டு பெப்ரவரி 17ஆம் நாள் பிரசல்ஸ் நகரிலே காலமானார். அவருடைய சிலையை அந்நகரின் கல்விக்கழக மாளிகையிலே இன்றும் காணலாம்.

அவர் மறைந்தபின் அவருடைய எண் நீண்டகாலம் உறங்கிற்று. அதனைத் தேடவைத்தவை ஆயுட் காப்புறுதிக் கொம்பனிகள். பருத்தவர் விரைவில் இறக்கின்றனர் என்பதைத் தம் பணப்பெட்டியின் வாயிலாக அவை கண்டுகொண்டன. 1940களிலே அமெரிக்காவிலே உயரத்துக்கேற்ற நிறை என்ற அட்டவணைகள் பரவின. சிறிய எலும்பினர், நடுத்தர எலும்பினர், பெரிய எலும்பினர் என்று அவற்றிலே பிரிவுகள் வேறு. தம் எலும்பு பெரியது என்று சொல்லித் தப்பிக்கொள்ளாதார் அரியர். 1972இல் அன்செல் கீஸ் என்னும் அமெரிக்க உடற்றொழிலியல் அறிஞரும் அவருடைய துணைவரும் பல சூத்திரங்களை ஒப்பிட்டு ஆராய்ந்தனர். ஐந்து நாடுகளைச் சேர்ந்த ஏழாயிரத்துக்கு மேற்பட்டோரை எடுத்துக்கொண்டனர். அவர்களெல்லாம் ஆண்கள். கெற்றலேயின் வர்க்க விதியே எளிதானதும் ஏற்றதுமாகும் என்று முடிவு கூறி, உடற்றிணிவுச் சுட்டி என்ற பெயரையும் சூட்டினர். மக்கட் கூட்டங்களை ஆராய்வதற்கு உகந்தது என்பதே கீஸ் கண்ட சிறப்பு. ஆயினும் பெருக்கலும் பிரித்தலும் மாத்திரமே வேண்டியிருந்தமையால் வைத்தியர் மேசைக்கு அது விரைவிலே வந்துவிட்டது. 1998இல் அமெரிக்காவிலே மிகைநிறையின் எல்லையை 25க்கு இறக்கியபோது, ஓர் அவுன்ஸ்தானும் கூடாமல் பல மில்லியன் மக்கள் ஓரிரவிலே மிகைநிறையாளராயினர்.

இந்த எண் பயனற்றதா? அப்படிச் சொல்லமாட்டோம். செலவில்லை, ஊசியில்லை, தராசும் அளவுகோலுமே போதும். பல்லாயிரவரை எடுத்துக்கொண்டால், எண் உயர உயர நீரிழிவு, இருதய நோய், இரத்த அழுத்தம் ஆகியவையும் உயர்கின்றன என்பது ஐயத்துக்கிடமில்லாத உண்மை. சல்லடை போன்றது இது. நெல்லையும் பதரையும் முற்றாகப் பிரிக்காது. எங்கே கைவைத்துப் பார்க்கவேண்டும் என்று காட்டும். ஆனால் எண்ணுக்குத் தசை எது, கொழுப்பு எது என்று தெரியாது. மூட்டை சுமக்கும் தொழிலாளியின் திரண்ட தோளையும், நாற்காலியிலேயே நாளைக் கழிப்பவரின் தொந்தியையும் அது ஒன்றாகவே நிறுக்கும். முதுமையிலே தசை கரைந்து கொழுப்பு ஏறினாலும் எண் அசையாமல் நிற்கும். ஒரே எண்ணுடைய ஆணிலும் பெண்ணுக்குக் கொழுப்பு அதிகம். கொழுப்பு தொடையிலே தங்கியிருக்கிறதா, வயிற்றினுள்ளே ஈரலைச் சூழ்ந்திருக்கிறதா என்பதும் அதற்குத் தெரியாது. கேடு செய்வது பெரும்பாலும் பின்னையதே.

இங்கேதான் நம்மவர் விழிப்படைதல் வேண்டும். 2004இல் யாக்ஞிக் என்னும் இந்திய வைத்தியரும் யூட்கின் என்னும் ஆங்கிலேய வைத்தியரும் அருகருகே நின்று எடுத்த ஒரு படத்தை வைத்தியச் சஞ்சிகையொன்றிலே வெளியிட்டனர். இருவருக்கும் சுட்டி ஒன்றே: 22.3. ஆங்கிலேயரின் உடலிலே கொழுப்பு நூற்றுக்கு 9.1, இந்தியரின் உடலிலே 21.2. தோற்றத்தில் மெலிந்தவரே; உள்ளே இரு மடங்குக்கு மேற்பட்ட கொழுப்பு! தென்னாசியர் பலரின் உடலமைப்பு இத்தகையதே. தசை குறைவு, கொழுப்பு வயிற்றைச் சுற்றித் திரள்கிறது, நீரிழிவு இளவயதிலேயே, குறைந்த எண்ணிலேயே வந்துவிடுகிறது. அதே ஆண்டிலே உலக சுகாதார தாபனத்தின் நிபுணர் குழுவொன்றின் அறிக்கை வெளிவந்தது. ஆசிய மக்களுள்ளேயே ஆபத்துத் தொடங்கும் எண் 22 முதல் 25 வரை வேறுபடுகிறது என்று அவர்கள் கண்டனர். உலகப் பொது எல்லைகளை மாற்றாமல், ஆசியர் 23இலேயே விழித்துக்கொள்ள வேண்டும், 27.5இலே ஆபத்து மிகுதி என்று குறித்தனர். மலைநாட்டான் வேறு, கடற்கரையான் வேறு என்று கேவர்பேர்க் பிரபு உரைத்ததன் உண்மை, நூற்றெழுபத்தைந்து ஆண்டுகளுக்குமேற் கழிந்து நம் உடலிலே தெரியவந்தது. 2023இல் அமெரிக்க வைத்திய சங்கமும், 2025இல் பன்னாட்டு நிபுணர் குழுவொன்றும் சுட்டியை மாத்திரம் கொண்டு தனியொருவரின் நலத்தைத் தீர்மானித்தல் தகாது, இடுப்பளவு முதலியவற்றையும் சேர்த்தே நோக்கவேண்டும் என்று கூறியுள்ளன.

நம் சங்கத்து இளைஞர் ஒருவரை எண்ணிக்கொள்வோம். உயரம் 165 சென்ரிமீற்றர். நிறை 68 கிலோ. சுட்டி 24.98. பொது அட்டவணையைப் பார்த்தால் 25க்குக் கீழே. அச்சமில்லை என்று எழுந்து போய்விடுவார். ஆசியருக்குரிய 23 என்ற எண்ணைக்கொண்டு பார்த்தால், 62 கிலோவைத் தாண்டிச் சிறிது ஏறியவுடனேயே அவர் எச்சரிக்கைக் கோட்டைக் கடந்துவிட்டார். தகப்பனுக்கோ தாய்க்கோ நீரிழிவு உண்டென்றால் இரத்தத்தின் சீனி அளவைச் சோதித்துக்கொள்ள அவர் தாமதிக்கலாகாது. தராசை விட்டிறங்கியதும் தையற்காரரின் நாடாவொன்றையும் அவர் எடுத்துக்கொள்ளட்டும். தென்னாசிய ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றரும், பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரும் இடுப்பளவின் எல்லைகள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவிலே நாடாவைச் சுற்றி, இறுக்காமல், வயிற்றை உள்ளே இழுக்காமல், சாதாரணமாக மூச்சுவிட்ட நிலையிலே அளத்தல் வேண்டும்.